வளையலும் கூலியும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பினாங்கில் தங்க நகை செய்த பத்தர்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்ததும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் பிறையில் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். பிள்ளைகள் தூங்கிய பிறகு யூடியூப் பார்த்துப் பட்டு நூல் வளையலும் மணிக் கம்மலும் செய்யப் பழகினேன். முதலில் எனக்கும் தங்கைக்கும் செய்தேன், அப்புறம் கேட்டவர்களுக்கு. போன தீபாவளிக்கு முகநூலில் படம் போட்டேன், நன்றாகவே போனது. குந்தன் கல் வைத்த வளையல் ஒரு ஜோடி 15 ரிங்கிட். சாமான் செலவு 7 ரிங்கிட். ஒரு ஜோடி முடிக்க மூன்று மணி நேரம் பிடிக்கிறது.

இதுவே அதிகம் என்கிறார்கள். "நூல் வளையலுக்குப் போய் 15 வெள்ளியா? லிட்டில் இந்தியாவில் இந்தக் காசுக்கு ஒரு டஜன் வாங்கலாமே" என்று கேட்கிறார்கள். என் நாத்தனார் மகளுக்கு இரண்டு மாதத்தில் திருமணம். தாம்பூலப் பையில் போட அறுபது ஜோடி வேண்டுமாம், ஜோடி 10 ரிங்கிட் என்று அவரே விலையையும் சொல்லிவிட்டார். "வீட்டில் உட்கார்ந்து செய்வதுதானே" என்கிறார். சொந்தத்துக்குள் கணக்குப் பார்க்காதே என்கிறார் என் கணவர்.

இன்னொன்று. என்னிடம் கம்மல் வாங்கிய ஒருவருக்குக் காது அரித்துப் புண்ணாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. பதிவு, வரி என்று வேறு பயமுறுத்துகிறார்கள். தொடரலாமா, விட்டுவிடட்டுமா? பெயர் போட வேண்டாம் அக்கா.

பட்டர்வொர்த் வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தொடருங்கள். ஆனால் 15 ரிங்கிட்டுக்குத் தொடராதீர்கள்.

கணக்கு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 15இல் 7 போனால் மீதி 8. அதை மூன்று மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் மணிக்கு 2 ரிங்கிட் 67 சென். 2025 பிப்ரவரியில் நம் மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. மணிக்கணக்கில் அது 8 ரிங்கிட் 72 சென். அந்தக் கணக்கில் உங்கள் மூன்று மணி நேரத்தின் கூலி 26 ரிங்கிட் 16 சென். சாமானையும் சேர்த்தால் 33 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. பெட்டி, பசை, சரியாக வராமல் பிரித்துப் போட்ட நூல் எல்லாம் சேரும்போது 40 ரிங்கிட்டுக்குக் குறைத்து அந்த வளையலைக் கொடுக்க முடியாது.

நகைக் கடையில் சங்கிலி வாங்கும்போது தங்கத்தின் விலை ஒரு வரியிலும் செய்கூலி இன்னொரு வரியிலும் வரும். உங்கள் நாத்தனாரும் அதைக் கொடுத்துத்தான் வாங்குவார். கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்பாரே தவிர, செய்கூலியே எதற்கு என்று கேட்க மாட்டார். நான் எழுதிய பத்தர்களும் பொன் வாடிக்கையாளருடையது, வேலை தங்களுடையது என்ற கணக்கில்தான் வாழ்ந்தார்கள். நூலைச் சுற்றுகிறபோது மட்டும் அந்த இரண்டாவது வரியை நம் ஆட்கள் அழித்துவிடுகிறார்கள். செய்கிறவள் வீட்டுப் பெண் என்றால் அவளுடைய நேரத்துக்கு விலையே கிடையாது என்று ஒரு நினைப்பு. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு.

நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள் என்று நினைப்பதால் இதையும் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பின் இரவுச் சந்தையில், அதாவது பசார் மாலாமில், ஒரு பெண் இதே நூல் வளையல் விற்கிறார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு மடக்கு மேசை, ஒரு மின்விளக்கு, இடத்துக்கு வாடகை. மழை வந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. போன தீபாவளி சமயத்தில் அவரிடம் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இங்கே பாருங்க, இவங்க 15 வெள்ளிக்குக் கொடுக்கிறாங்க" என்றார். அந்தப் பெண் கைப்பேசியைப் பார்க்கவே இல்லை. அடுக்கிவைத்திருந்த வளையலை மறுபடியும் அடுக்கத் தொடங்கினார். படத்தில் இருந்தது யாருடைய வளையல் என்று எனக்குத் தெரியாது. அது உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கணவர் சம்பளத்தில் வீடு நடக்கிற நாம் ஆசைக்குச் செய்து அடக்க விலைக்கே கொடுத்துவிடலாம், அது நமக்கு நஷ்டமாகத் தெரியாது. இதையே நம்பிச் சோறு ஆக்குகிறவருக்கு அந்த விலைதான் எதிரி. கைவேலை பொழுதுபோக்காகவே இருக்கட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. சும்மா கொடுக்க வேண்டுமா, தாராளமாகப் பரிசாகக் கொடுங்கள். விற்பது என்று வந்துவிட்டால் கூலியோடுதான் விற்க வேண்டும்.

சரி, 40 ரிங்கிட்டுக்கு யார் வாங்குவார்கள்? லிட்டில் இந்தியாவில் டஜன் கணக்கில் தொங்குவதைப் போலவே நீங்களும் செய்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அந்தக் கடைகளோடு விலையில் போட்டி போடவே முடியாது. அவர்களால் முடியாததைச் செய்யுங்கள். முதலில் அளவு. கடைகளில் எங்கு கேட்டாலும் 2.4, 2.6, 2.8தான். 2.6 என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் ஆறு பங்கும், அதாவது ஏறக்குறைய 60 மில்லிமீட்டர். கை பெருத்தவர்கள் 2.10 கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார். பத்து வயதுப் பிள்ளைக்கும் சரியான அளவு கிடைப்பதில்லை. வெற்று வளையலில் நூல் சுற்றினால் உள்பக்கம் சுருங்கிவிடும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். 2.6 போடுகிறவருக்கு 2.6 வளையலிலேயே சுற்றிக் கொடுத்தால் கை முட்டியில் சிக்கிக்கொள்ளும், இறுக்கித் தள்ளும்போது முதலில் கல்தான் தெறிக்கும். யார் கைக்கு என்று தெரிந்து, அதற்கேற்ற பெரிய வளையலை எடுத்துச் சுற்றுகிறவர் நீங்கள் ஒருவர்தான். அப்புறம் நிறம். புடவையின் முந்தானையை வெயிலில் வைத்து எடுத்த படத்தை வாங்கி, அதற்கு ஒத்த நூலைத் தேடிச் சுற்றித் தருவதற்கு ஆள் இல்லை. இந்த இரண்டுக்கும் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கொஞ்சப் பேர்தான், ஆனால் உங்களுக்கும் மாதத்துக்குப் பத்து ஜோடி போதுமே.

மூன்று மணி நேரம் என்பதையும் குறைக்கப் பாருங்கள். ஒரு ஜோடியை எடுத்துத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்யாமல், ஒரு நாள் நூல் மட்டும் சுற்றுங்கள், மறுநாள் கல் மட்டும் ஒட்டுங்கள். நூல் இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் படிந்தால்தான் அந்தப் பளபளப்பு வரும். ஒரே வேலையில் கை பழகும்போது அது தானாக வருகிறது. நம் ஊர் ஈரக் காற்றில் பசை மெதுவாகத்தான் காய்கிறது. கல் ஒட்டிய அன்றே பெட்டியில் போடாமல் ஒரு நாள் முழுக்க விசிறிக் காற்றில் விடுங்கள்.

மணி கோக்கத் தெரிந்தவர் நீங்கள். அறுந்த மாலைகளைக் கோத்துத் தருவதையும் யோசியுங்கள். பாட்டியின் முத்து மாலை, நாட்டியம் ஆடும் பிள்ளையின் ஆரம் என்று எத்தனையோ வீடுகளில் அறுந்தது அறுந்தபடி டப்பாவில் கிடக்கிறது. முத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முத்துகள் ஒன்றோடொன்று உரசாது, நூல் அறுந்தாலும் எல்லாம் தரையில் உருண்டு ஓடாது. சாமானும் அதிகம் வேண்டாம், வாங்கி அடுக்கிவைக்கும் சரக்கும் இல்லை. அங்கே கேட்பது முழுக்கக் கூலிதான்.

காது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனசு கேட்காமல் இருப்பது நல்லது. அநேகமாகக் கம்மலைக் காதில் மாட்டும் கொக்கியில் இருக்கும் நிக்கல்தான் காரணம். மலிவான கொக்கிகள் பித்தளையிலோ கலப்பு உலோகத்திலோ செய்து முலாம் பூசியவை. முலாமுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பது சாதாரணம். வேர்வை பட்டு முலாம் தேய்ந்ததும் நிக்கல் தோலில் இறங்குகிறது. ஒருவருக்கு இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, அதனால்தான் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் காதில் குத்தும் பாகத்திலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று வரம்பே இருக்கிறது. காதில் நுழைகிற பாகத்துக்கு 925 வெள்ளிக் கொக்கியோ (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) டைட்டானியம் கொக்கியோ வாங்குங்கள். 316எல் துருப்பிடிக்காத எஃகிலும் நிக்கல் உண்டு, ஆனால் கசிவது மிகக் குறைவு, பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஏற்கெனவே அரிப்பு வந்தவருக்கு மட்டும் அது வேண்டாம். கொக்கியில் நகப்பூச்சு தடவிக்கொள்ளச் சொல்லும் யோசனை சில நாள்தான் தாங்கும். வெள்ளி நிறம் என்று சொல்லி விற்பதெல்லாம் வெள்ளி இல்லை என்பதால், கொக்கி வாங்கும் கடையில் 925 முத்திரையைக் கேட்டுப் பாருங்கள். அந்த வாடிக்கையாளருக்குப் புண் ஆறிய பிறகு டைட்டானியம் கொக்கி மாட்டி ஒரு கம்மல் கொடுங்கள். ஏற்கெனவே விற்ற கம்மல்களுக்கும் கொக்கி மாற்றித் தருவதாக முகநூலில் போடுங்கள். கொஞ்சம் செலவாகும், ஆகட்டும்.

அதேபோல், பட்டு நூல் என்று நாம் வாங்குவதில் பெரும்பாலானவை ரேயான் வகை. யாராவது அசல் பட்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். முலாம் பூசியதை முலாம் என்றே எழுதுங்கள். தண்ணீர் படக் கூடாது என்று ஒரு சின்னச் சீட்டும் பெட்டியில் இருக்கட்டும்.

பதிவைப் பார்த்துப் பயப்பட ஒன்றும் இல்லை. வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பெயர் வைத்தால் 60. இணையத்திலேயே செய்யலாம். போன தீபாவளியிலிருந்தே விற்கிறீர்கள் என்பதால் தள்ளிப் போடாதீர்கள். வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் வந்தால் வியாபாரக்காரர்களுக்கு உள்ள பி பாரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். படத்தைப் போட்டு "விலைக்குத் தனியே மெசேஜ் பண்ணுங்கள்" என்று எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், விலையைக் காட்டாமல் விற்பது இங்கே குற்றம். விலையைப் படத்தோடு போட்டுவிட்டால் பேரம் பேசுவதும் பாதியாகக் குறையும். சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் அரசு அமைப்பான டெக்குன் வழியாக இந்தியர்களுக்கான ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள், உண்மைதான். மாதம் பத்து ஜோடிக்குக் கடன் எதற்கு? இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக அந்த அறுபது ஜோடி. ஜோடி 10 என்றால் மொத்தம் 600 ரிங்கிட். சாமானுக்கு 420 போனால் மிஞ்சுவது 180 ரிங்கிட், அதற்கு உங்கள் உழைப்பு 180 மணி நேரம். மணிக்கு ஒரு ரிங்கிட்! பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் உட்காருகிறீர்கள், தினமும் மூன்று மணி நேரம் என்றால்கூட அறுபது ராத்திரி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முதலில் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, யாரும் இதை எழுதிக் காட்டியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

நாத்தனாரிடம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு உங்கள் கணவர் தாய்மாமன். முகூர்த்தப் புடவையின் படத்தையும் பெண்ணின் கை அளவையும் கேட்டு வாங்கி, இரண்டு கைக்கும் நிறைய ஒரு செட் செய்து தாய்மாமன் சீர்த் தட்டில் வையுங்கள். அதற்கு ஒரு காசும் வாங்க வேண்டாம். தாம்பூலப் பைக்கான அறுபது ஜோடியை லிட்டில் இந்தியாவில் டஜன் கணக்கில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அங்கேதான் மலிவு என்று எல்லாரும் சொல்கிறார்களே. வாங்கப் போகும்போது நீங்களும் கூடப் போய் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா