ஒப்பந்தம் இருந்தால் பட்டம் செல்லுமா?

தம்பி, இரு அரசுகளின் கூட்டு ஆராய்ச்சித் திட்டத்தில் உதவித்தொகை பெற்று ஐரோப்பாவுக்கு வரவிருப்பதாகவும், கல்வி ஒப்பந்தம் இருப்பதால் உங்கள் முதுகலைப் பட்டம் தானாகவே செல்லும் அல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். செல்லாது. வீடு, குளிர் பற்றிய கேள்விகளுக்கு விடை, நீங்கள் இங்கே வந்த ஒரு மாதத்தில் தானே கிடைத்துவிடும். பட்ட விஷயத்தை மட்டும் புறப்படும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

1997-இல் யுனெஸ்கோவும் ஐரோப்பிய மன்றமும் சேர்ந்து லிஸ்பனில் கொண்டுவந்த உடன்படிக்கை, கணிசமான வேறுபாடு இருப்பதாகக் காட்டினாலொழிய பிற உறுப்பு நாட்டின் பட்டத்தை மறுக்கக் கூடாது என்கிறது. 2019-இல் ஏற்கப்பட்டு 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த யுனெஸ்கோவின் உலகளாவிய உடன்படிக்கையும் அதே வழியில் செல்வதுதான். ஆனால் இவை தம்மில் சேர்ந்த நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். அங்கும் உங்களுக்குக் கிடைப்பது நியாயமாக மதிப்பிடப்படும் உரிமையே. பலர் பெரிதாக நம்பும் அப்போஸ்டில் முத்திரையோ (வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்துக்கு அரசு தரும் சான்று), சான்றிதழில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்லும். படிப்பின் தரத்தைப் பற்றி அது வாய் திறக்காது.

நான் வந்தபோது, பட்டத்தை மதிப்பிடும் அலுவலர் என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை விரலால் தட்டி, "ஒவ்வொரு பாடமும் எத்தனை மணி நேரம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து பாடத்திட்டத்தை வரவழைத்து, சான்றளித்த மொழிபெயர்ப்புடன் கொடுத்து முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. அதுவரை பாதிச் சம்பளத்தில் ஆய்வக உதவியாளராகக் கருவிகளைத் துடைத்து அடுக்கினேன். அந்த ஆய்வகத்தின் பட்டறைத் தொழிலாளர்களிடம்தான் உள்ளூர் மொழியைக் கற்றேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பதினைந்து ஆண்டுகள் இருந்தும் ஒரு விண்ணப்பத்தைத் தாமே நிரப்பத் தெரியாத நம்மவர்கள், "ஆங்கிலமே போதும்" என்று உங்களிடமும் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பின்னர் இத்தாலியின் திரியெஸ்தேயில், பாகிஸ்தான் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் 1964-இல் நிறுவிய இயற்பியல் மையத்துக்கு ஒரு பயிலரங்குக்காகப் போனேன். லாகூரில் பேச்சுத் துணைக்குக்கூட ஆய்வாளர் இன்றித் தவித்து 1954-இல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பியவர் அவர். தம்மைப் போல் பிறரும் நாட்டைத் துறக்க நேரக் கூடாது என்றே, சில வாரங்கள் வந்து பணியாற்றிவிட்டுத் தம் நாட்டு வேலைக்கே திரும்பும் ஏற்பாட்டை அங்கே செய்தார். நாங்கள் ஐந்து நாட்டுக்காரர்கள் ஒரே கரும்பலகை முன் நின்று ஒரு சமன்பாட்டுக்காக இரவு வரை சண்டையிட்டோம். அங்கு யாரும் என் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை.