டிஎஸ்எல்ஆர் கேமராவின் கண்ணாடி கழன்றால் வீட்டிலேயே ஒட்டலாமா?

டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள், லென்ஸ் வழியே வரும் காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும் கண்ணாடி தளர்ந்து ஆடுகிறது, கடைக்குக் கொடுக்காமல் வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். நான் ஒட்டிய கண்ணாடி இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனால் அது இரண்டாவது முறை ஒட்டியது; முதல் முறை அவசரப்பட்டுத் தவறான பசையை எடுத்ததால், இருந்த பழுதோடு புதிய பழுது ஒன்றையும் நானே உண்டாக்கிவிட்டேன். அது உங்களுக்கு நேரக்கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எது தளர்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால், சாய்வாகத் தெரியும் கண்ணாடி தனியாக இல்லாமல் ஒரு மெல்லிய சட்டத்தின் மீது ஒட்டப்பட்டிருப்பது தெரியும். அந்தச் சட்டம்தான் பின்பக்க மேல்விளிம்பில் உள்ள கீலில் மாட்டப்பட்டு, ஒவ்வொரு படத்துக்கும் மேலே எழுந்து இறங்குகிறது. பல்குத்தும் குச்சியால் கண்ணாடியின் ஓரத்தை மட்டும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். சட்டம் அசையாமல் கண்ணாடி மட்டும் நகர்ந்தால் பசை விட்டிருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் செய்யலாம். சட்டமே ஒரு பக்கம் தொங்கினாலோ, கோணலாக இறங்கினாலோ, கீலோ ஊசியோ உடைந்திருக்கிறது. அதில் கை வைக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எனக்கு நடந்தது சித்திரை மாதத்தில். மதுரையில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, மதியம் முழுவதும் வெயிலில் நின்ற காருக்குள் கேமரா கிடந்தது. மாலையில் தொடர்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, வழக்கமான சத்தத்தோடு சில்லென்ற இன்னொரு சத்தமும் கேட்டது; கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருண்டுவிட்டது. கண்ணாடி சட்டத்திலிருந்து கழன்று குறுக்காக விழுந்து கிடந்தது. பழைய பசை சூட்டில் இளகியிருந்த வேளையில் நொடிக்கு ஐந்து முறை அடித்த அடியைத் தாங்கவில்லை என்றே நினைக்கிறேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், அடுத்த படம் எடுத்துப் பார்க்காமல் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஷட்டரின் இதழ்கள் மிக மெல்லியவை. கழன்ற கண்ணாடியின் விளிம்பு பட்டாலே மடங்கிவிடும்.

அன்று இரவே, பெட்டிக்கடையில் சிறு குழாயில் விற்கும் உடனடிப் பசையை வாங்கி ஒட்டினேன். தூசு புகக்கூடாது என்று மூடியையும் போட்டு வைத்தேன். காலையில் திறந்து பார்த்தபோது, கண்ணாடியின் ஓரங்களிலும் அதற்கு மேலே இருக்கும் ஃபோகசிங் ஸ்க்ரீனிலும் (வியூஃபைண்டரில் நாம் பார்க்கும் காட்சி விழும் திரை) விபூதி பூசியதுபோல வெண்மையாகப் படிந்திருந்தது. அந்தப் பசை சயனோஅக்ரிலேட் என்ற வகையைச் சேர்ந்தது. அதிலிருந்து எழும் ஆவி, ஈரப்பசை உள்ள இடத்தில் படிந்து வெள்ளையாக இறுகும். தடயவியல் நிபுணர்கள் கைரேகையை வெளிக்கொண்டுவருவதற்கு இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூடி போட்ட சிறிய அறைக்குள் அந்த ஆவிக்கு வெளியேற வழியில்லை. அதோடு இப்பசை நொடிகளில் இறுகிவிடுவதால் கண்ணாடியைச் சரியாக நகர்த்தி வைக்க நேரமும் கிடைப்பதில்லை. இறுகிய பின் அடிபட்டால் தெறித்துவிடும் தன்மையும் அதற்கு உண்டு. ஃபோகசிங் ஸ்க்ரீனைப் புதிதாக வாங்கி மாற்ற வேண்டியதாயிற்று.

இந்தக் கண்ணாடி நம் வீட்டுக் கண்ணாடியைப் போன்றதன்று என்பதையும் மனத்தில் வையுங்கள். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருக்கும். இதில் பளபளப்பான பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. எது முன்பக்கம் என்ற குழப்பம் வந்தால், மென்மையான தாளின் முனையைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டு செல்லுங்கள். தாளின் முனையும் அதன் பிம்பமும் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டால் அதுவே பூச்சுள்ள பக்கம். நடுவே சிறு இடைவெளி தெரிந்தால் அது பின்பக்கம். பூச்சுள்ள பக்கத்தை விரலாலோ துணியாலோ துடைக்கவே துடைக்காதீர்கள். தூசு இருந்தால் கையால் அழுத்தும் ரப்பர் ஊதுகுழலே போதும். விரல் உறை அணிந்து, ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்குங்கள்.

இரண்டாவது முறை நான் பயன்படுத்தியது, இரண்டு குழாய்களில் வரும் எபாக்சிப் பசை. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை விட்டுவிட்டு, மெதுவாக இறுகும் வகையை வாங்கினேன். சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையை மரக்குச்சியால் சுரண்டி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதால் அதை நெருங்கவே விடவில்லை. பிறகு சுருட்டிய துண்டின் மேல் கேமராவைச் சாய்த்து, லென்ஸ் மாட்டும் வாய் 45 பாகை மேல்நோக்கி இருக்கும்படி வைத்தேன். அப்படி வைத்தால் 45 பாகை சாய்ந்திருக்கும் சட்டம் தரைக்குச் சமமட்டமாகிவிடும். கண்ணாடி வழுக்காமல் தன் எடையாலேயே அமர்ந்துகொள்ளும். இந்த ஒரு யோசனை வேலையைப் பாதியாகக் குறைத்தது. இரண்டு பசைகளையும் சம அளவில் கலந்து, கடுகில் பாதி அளவுக்குச் சட்டத்தின் ஓரத்தில் நான்கு இடங்களில் மட்டும் ஊசி முனையால் வைத்தேன். சட்டத்தின் நடுவில் ஒரு திறப்பு இருக்கும். பெரிய கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியைச் சிறிதளவு ஊடுருவ விடுவதால், அந்த ஒளி திறப்பின் வழியாகப் பின்னால் உள்ள சிறு கண்ணாடிக்கும், அங்கிருந்து கீழே உள்ள தானியங்கி ஃபோகஸ் சென்சாருக்கும் போகிறது. அந்தத் திறப்புக்குள் ஒரு துளி பசை வழிந்தாலும் சிறு கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். வைத்த பிறகு அழுத்தவில்லை. மூடியும் போடவில்லை; ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, காற்று போக இடம் விட்டு, 24 மணி நேரம் தொடாமல் வைத்தேன்.

பசை ஏன் இவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. லென்ஸ் மாட்டும் வாயிலிருந்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் வரையுள்ள தூரம் கேனானின் இஎஃப் அமைப்பில் 44 மி.மீ., நிக்கானின் எஃப் அமைப்பில் 46.5 மி.மீ.; கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஃபோகசிங் ஸ்க்ரீனை அடையும் தூரமும் அதே அளவில் இருந்தால்தான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது படத்திலும் தெளிவாக விழும். 45 பாகையில் உள்ள கண்ணாடி பசையின் தடிப்பால் 0.1 மி.மீ. உயர்ந்தால், ஒளி போகும் தூரம் ஏறக்குறைய 0.14 மி.மீ. மாறிவிடும். லென்ஸின் துளையை எஃப் 2.8 அளவில் திறந்து வைத்தால், சிறிய சென்சார் கேமராவுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழையே முன்னும் பின்னும் தலா சுமார் 0.06 மி.மீ. அளவுதான். ஒரு மூலையில் மட்டும் பசை கூடினால், படச்சட்டத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் தெரியும்.

ஒட்டி முடித்ததும் முதலில் ஒரே ஒரு படம் எடுத்து, சத்தத்தைக் கவனியுங்கள். பிறகு கேமராவை முக்காலியில் நிறுத்தி, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை மூன்று விதமாக எடுங்கள்: பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒன்று, வியூஃபைண்டரில் தானியங்கி ஃபோகஸில் ஒன்று, வியூஃபைண்டரில் கண்ணால் பார்த்துக் கையால் திருப்பி ஒன்று. லைவ் வியூவில் கண்ணாடிக்கு வேலையே இல்லை என்பதால் அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். கையால் ஃபோகஸ் செய்தது மட்டும் பிசகினால் கண்ணாடி அமர்ந்த விதத்தில் குறை; தானியங்கி ஃபோகஸ் பிசகினால் பின்னால் உள்ள சிறு கண்ணாடி அசைந்திருக்கிறது. எனக்கு மூன்றும் ஒத்துப்போயின.

பிசகினாலும் கேமராவின் உடலைத் திருகி மட்டும் திறக்காதீர்கள். உள்ளேயே ஃபிளாஷ் உள்ள கேமராக்களில் அதற்கான மின்தேக்கி சுமார் 300 வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்சாரம் உள்ளே இருக்கும். கண்ணாடிச் சட்டம் வந்து அமரும் இடத்தில், பக்கச் சுவரில் சிறிய ஊசி ஒன்று தெரியும். பல கேமராக்களில் அதைத் திருப்பிச் சாய்வின் அளவை மாற்றலாம். அளவுக் கருவி இல்லாமல் அதைத் திருப்பினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம். அதை விட்டுவிட்டு, கண்ணாடியைப் பெயர்த்து, பசையைக் குறைத்து மறுபடி ஒட்டுங்கள்.