பக்கவாதத்துக்குப் பிறகு கார் ஓட்டலாமா? ஆர்டிஓ நோட்டீஸ் வந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு வயது 57. ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கை, கால் தளர்ந்தன. இப்போது நன்றாக நடக்கிறேன். சொத்துத் தகராறில் இருக்கும் மைத்துனர், என்னால் கார் ஓட்ட முடியாது என்று ஆர்டிஓவுக்கு மனுக் கொடுத்துவிட்டார். மருத்துவச் சான்று கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. என் லைசென்ஸ் 60 வயது வரை செல்லும். அவர் மேல் மானநஷ்ட வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: மைத்துனரை விடுங்கள். அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது. ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356-ல் அதற்கு விதிவிலக்கு உண்டு. பகையைக் காட்டி நீங்கள் வாதாடினாலும், பக்கவாதம் வந்தது உண்மைதானே?

கவனிக்க வேண்டியது நோட்டீஸை மட்டும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 16-வது பிரிவின்படி, லைசென்ஸுக்குக் காலம் மிச்சமிருந்தாலும் சான்று கேட்கலாம், ரத்தும் செய்யலாம்.

இதில் பலர் மாட்டிக்கொள்வது இப்படித்தான்: நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வண்டியை எடுப்பார்கள். வழியில் திடீரென்று நினைவு தப்பி விபத்து நடந்தால், 'இப்படி வரும் என்று எனக்குத் தெரியாது' என்பது நல்ல எதிர்வாதம். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு அந்த வாதம் போய்விட்டது. உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-ன் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை. லைசென்ஸ் ரத்தான பிறகு ஓட்டியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும். ஸ்வரண் சிங் வழக்கில் 2004-லேயே உச்ச நீதிமன்றம் அதற்கு வழி சொல்லிவிட்டது. தொகை லட்சங்களில் வரும், வீடு ஜப்திக்குப் போகும்.

அடுத்த பொறி, ஆர்டிஓ அலுவலக வாசலில் ஏதோ ஒரு டாக்டர் ஸ்கேனைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தரும் படிவம் 1-ஏ, அதாவது மருத்துவச் சான்று. விபத்து வழக்கில் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியை வரவழைத்து அந்த டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தால், சான்று உங்களுக்கு எதிராகவே திரும்பும். உங்களுக்குச் சிகிச்சை தந்த நரம்பியல் மருத்துவரிடமே வாங்குங்கள். கை, கால் பலம் எவ்வளவு, வலிப்பு வந்ததா என்று அவர் எழுதட்டும். கண் மருத்துவரிடம் பார்வைப் புலச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கப் பார்வை மட்டும் போயிருந்தால் நோயாளிக்கே தெரியாமல் இருக்கலாம். இடப்பக்கம் வரும் சைக்கிள் கண்ணில் படாது. நன்றாக நடப்பது இதற்குச் சான்றல்ல. கிளட்ச் மிதிக்கும் காலும் கியர் போடும் கையும் உங்களுக்குத் தளர்ந்த பக்கம்தான். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கிளட்ச் இல்லை, ஆனால் ஸ்டியரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும். காரில் மாற்றம் செய்தால் ஆர்சி புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் சான்றைக் கொடுங்கள். அதுவரை சாவியைத் தொடாதீர்கள். ரத்து செய்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. மைத்துனரோடு சமாதானமாகப் போங்கள்; பின்னால் ஏதாவது விபத்து வழக்கு வந்தால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அவர்தான்.