அடுத்த அறைக்குப் போனால் அறுந்துபோகும் வைஃபை: முதலில் ஆன்டெனாவைப் பாருங்கள்

"பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் வைஃபை ஓடுகிறது, அடுத்த அறைக்குப் போனால் அடிக்கடி துண்டித்துக்கொள்கிறது. அதே இடத்தில் கைபேசிக்கு நல்ல சிக்னல். வேறு டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) போட வேண்டுமா, இல்லை யூஎஸ்பி டாங்கிள் (வெளியே செருகும் வைஃபை கருவி) வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர். கார்டு ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ என்றும் எழுதியிருக்கிறார். அந்த ஒரு தகவலால் பாதி வேலை மிச்சம்.

டாங்கிளுக்கு இப்போதே காசு செலவழிக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கிற கட்டளைகளை வரிசையாக அடித்துப் பார்க்கவும் வேண்டாம், பத்து மாற்றங்களைச் செய்துவிட்டு எது வேலை செய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று தெரியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். முதலில் அறுந்துபோவது எந்த இடத்தில் என்று பாருங்கள். இரண்டு டெர்மினல் (கட்டளை அடிக்கும் சாளரம்) திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) பிங் ஓடட்டும், அதாவது பதில் வருகிறதா என்று தொடர்ந்து கேட்கும் கட்டளை, இன்னொன்றில் இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கு. ரவுட்டருக்குப் போகிற பிங் சீராக இருந்து மற்றது மட்டும் நின்றால் கோளாறு இணைய இணைப்பில், லினக்ஸை விட்டுவிடுங்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் தொடர்ந்து படிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் இரண்டும் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தால் ஓடும், பத்தடி தள்ளினால் படுத்துவிடும் என்பது இந்தக் கார்டு வைத்திருக்கும் பலரும் சொல்லிய அடையாளம். கார்டில் ஆன்டெனா ஒயர் மாட்ட இரண்டு முனைகள் உண்டு. சில மடிக்கணினிகளில் செலவைக் குறைக்க ஒரே ஒரு ஆன்டெனாவை மாட்டி அனுப்பினார்கள், எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்று கார்டின் நினைவகத்தில் எழுதியதோ தப்பு. டிரைவர் அதை நம்பி, ஒயரே இல்லாத முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படியும் ரவுட்டர் பக்கத்தில் கொஞ்சம் கேட்கும் என்பதால்தான் யாருக்கும் ஆன்டெனா மீது சந்தேகம் வருவதில்லை.

சோதிப்பது எளிது. கீழே தமிழில் எழுதும் கட்டளைகளை எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அடுத்த அறையில் உட்கார்ந்து, முதலில் 'ஐடபிள்யூ டெவ்' என்று கொடுத்து வைஃபை இடைமுகத்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பெயரைச் சேர்த்து, கடைசியில் 'லிங்க்' போட்டு அடித்தால் சிக்னல் என்று ஒரு எண் வரும். அது டெசிபெல் கணக்கில், மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -50 அருமை, -67 வரை கவலையில்லை, -80க்கும் கீழே போனால் துண்டிப்புக்கு வாய்ப்பு அதிகம். எண்ணைக் குறித்துக்கொண்டு 'சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ' என்று, ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை நினைவகத்திலிருந்து இறக்குங்கள். பிறகு 'சூடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=1' என்று ஏற்றி, இணைந்ததும் எண்ணைப் பாருங்கள். மறுபடி இறக்கி 2 கொடுத்துப் பாருங்கள். நிறையப் பேருக்கு 2 சரிவருகிறது, சிலருக்கு 1. சரியான முனை கிடைத்தால் -80 இருந்த இடத்தில் -50 வருவதும் உண்டு. 10 டெசிபெலுக்குப் பத்து மடங்கு என்பதால் அந்த 30 என்பது ஆயிரம் மடங்கு வலுவான சிக்னல், எந்தப் புது டிரைவரும் அதைத் தரப்போவதில்லை.

எது சரியோ அதை நிலையாக்க, ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி என்ற கோப்புறையில், பெயர் .கான்ஃப் என்று முடிகிற மாதிரி ஒரு கோப்பு உருவாக்கி, அதில் ஒரே வரி எழுதுங்கள்: ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2. கணினியை அணைத்து ஏற்றினால் முடிந்தது.

சிக்னல் நன்றாக இருந்தும் அவ்வப்போது மூச்சு நின்று திரும்பினால் மின்சேமிப்பைச் சந்தேகியுங்கள். உபுண்டுவிலும் அதன்மேல் கட்டிய மின்ட்டிலும், இணைப்புகளைக் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி கோப்புறையில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று ஒரு வரி இருக்கும். 3 என்றால் மின்சேமிப்பு இயங்குகிறது, 2 என்றால் நிறுத்தம். 2 ஆக்கிவிட்டு நெட்வொர்க்மேனேஜரை மறுபடி தொடங்குங்கள். இந்த டிரைவருக்கு என்று தனியாகவும் இரண்டு மின்சேமிப்பு அமைப்புகள் இருக்கின்றன, முன்பு எழுதிய வரியின் கடைசியில் ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0 என்று சேர்த்தால் அவையும் நிற்கும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், ப்ளூடூத்தும் இதே கார்டில்தான். அடுக்குமாடியில் இருந்தால் ரவுட்டரில் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். ப்ளூடூத் ஹெட்போன் போடும்போது மட்டும் வேகம் விழுந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

வேறு டிரைவர் பற்றிக் கேட்டீர்கள். பழைய பதிவுகள் பலவும் நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து ரியல்டெக் டிரைவரின் மூலநிரலைப் பதிவிறக்கி, ஓடும் வடிவத்துக்குத் தொகுக்கச் சொல்லும். அவை லாரி ஃபிங்கர் பராமரித்தவை. லினக்ஸில் ரியல்டெக் கார்டுகள் இந்த அளவுக்கு ஓடுவதற்குப் பல ஆண்டுகள் உழைத்தவர், 2024 ஜூனில் காலமானார். அவருக்கு நாம் எல்லாருமே கடன்பட்டிருக்கிறோம். ஆனால் உங்கள் கார்டுக்கு இன்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருகிற டிரைவரிலேயே ஆன்டெனா தேர்வு இருக்கிறது, தனியாகத் தொகுத்தால் கெர்னல் புதுப்பிக்கும்போது அது உடைந்து நிற்கலாம், தேவையில்லாத தொல்லை.

இவ்வளவு செய்தும் -80லேயே நின்றால் உள்ளே ஒயர் கழன்றிருக்கலாம், கடைக்காரரிடம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒயரும் சரியாக இருந்தால் மட்டும் டாங்கிள். அப்போதும் பெட்டியின்மேல் 'லினக்ஸ் ஆதரவு' என்று போட்டிருப்பதை நம்பி வாங்காமல் உள்ளிருக்கும் சிப்பைக் கேளுங்கள். மீடியாடெக் எம்டி7612யு இருந்தால் கெர்னல் 4.19 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது, செருகினால் ஓடும், 5 கிகாஹெர்ட்ஸும் கிடைக்கும்.