‘திருகிக்கொண்டே இருந்தானாம்’

கேள்வி: எனக்கு நான்கு வயதில் மகன், ஒன்றரை வயதில் மகள். மனைவிக்கு வார இறுதியிலும் வேலை. அதனால் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கல்வி சார்ந்த உள்ளரங்க விளையாட்டு மையத்துக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். எழுத்து, எண், அறிவியல் என்று எத்தனையோ பகுதிகள் இருந்தும் பையன் எதையும் தொடுவதில்லை. போன வாரம் தண்ணீர் மேசையில் முக்கால் மணி நேரம் ஒரே குழாயைத் திருகிக்கொண்டே இருந்தானாம். மற்ற பிள்ளைகளோடும் சேரவில்லையாம். கிளம்பும்போது தரையில் புரண்டு அழுகிறான். சின்னவளால் தொந்தரவு இல்லை. என் அம்மா முழங்கால் வலியோடும் அவளை மடியில் வைத்துக்கொண்டு சறுக்குமரத்தில்கூட இறங்கினாராம். பையனுக்குக் கவனக் குறைபாடு இருக்குமோ? வேறு மையம் பார்க்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று ‘ஆம்’ இருக்கிறது. இருந்தானாம், சேரவில்லையாம், இறங்கினாராம். நீங்கள் கண்ணால் பார்த்து எழுதியது ஒன்றே ஒன்றுதான்: கிளம்பும்போது அவன் அழுவது. அதுவரை எங்கே இருந்தீர்கள் என்று எழுதவில்லை. எங்கே இருந்திருந்தாலும், உள்ளே இல்லை. வாசல்வரை கொண்டுபோய் விடுவதற்கு ‘அழைத்துப் போகிறேன்’ என்று பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பையனைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். கவலைப்பட வேண்டிய வரி நீங்கள் பெருமையாக எழுதிய கடைசி ‘ஆம்’தான். ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குவது, பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும் ஆபத்து. குழந்தை தனியாகச் சறுக்கும்போது கால் ஓரத்தில் சிக்கினால், அதன் எடை குறைவு என்பதால் அப்படியே நின்றுவிடும். மடியில் இருக்கும்போது சிக்கினால், பின்னால் இருக்கும் பெரியவரின் எடை நிற்காது. சிக்கிய கால் அங்கேயே இருக்க, உடல் முன்னே போகும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறுகி உடையும். வழுக்காத ரப்பர் அடி வைத்த காலுறை போட்டிருந்தால் சிக்குவது இன்னும் சுலபம். அவள் வயதுக்கு ஏற்ற தாழ்ந்த சறுக்குமரத்தில், கால் முன்னே நீட்டி, தனியாகத்தான் இறங்க வேண்டும். பெரியவர் பக்கத்தில் நின்று கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தால் போதும். உயரமான சறுக்குமரம் அவளுக்கு வேண்டாம். குதிமேடையும் (டிராம்போலின்) வேண்டாம், ஆறு வயதுக்குள் அது கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. பலர் சேர்ந்து குதிக்கும்போது அதிகம் அடிபடுவது எடை குறைந்த பிள்ளைதான். இது பையனுக்கும் சேர்த்து.

இனி அம்மா. நுரைமெத்தைத் தரை கால் வைத்த இடத்தில் அமுங்கும். பந்துத் தொட்டிக்குள் இறங்கினால் பிடித்து எழ எதுவும் இருக்காது. வலி இல்லாத முழங்காலுக்கே அது சிரமம். அவர் ஒருவர், பிள்ளைகள் இருவர், ஆளுக்கொரு திசை. ‘வலிக்கிறது, என்னால் முடியாது’ என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லும் தாய் அபூர்வம். பேரப்பிள்ளைகள் என்றால் சொல்லவே மாட்டார். அந்த ஆசையைப் பயன்படுத்தி அவரிடம் காவல் வேலை வாங்கியிருக்கிறீர்கள். அவர் வரட்டும், முதுகு சாய்கிற நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். தரையில் தவழ வேண்டியவர் நீங்கள்.

சரி, குழாய். நான்கு வயதுப் பையன் முக்கால் மணி நேரம் ஒரே வேலையில் நின்றதை மட்டும் வைத்தா கவனக் குறைபாடு என்று கேட்கிறீர்கள்? 1907-ல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைக் குழியில் போடுவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். மாண்டிசோரி அதைக் குறையாக எழுதவில்லை; அந்த ஒருமுனைப்பைத்தான் தன் கல்விமுறையின் அடித்தளமாக எடுத்துக்கொண்டார். குழாயைப் பாதி திறந்தால் எவ்வளவு வரும், முழுக்கத் திறந்தால் எங்கே தெறிக்கும், வடிகாலை அடைத்தால் மட்டம் எப்படி ஏறும் என்று உங்கள் பையன் சோதித்துக்கொண்டிருந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. பார்த்தவர் யாரும் கடிதம் எழுதவில்லையே!

பக்கத்தில், அவன் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். ‘இது என்ன நிறம், இதில் எத்தனை’ என்று தேர்வு வைக்காதீர்கள். வடிகாலில் உங்கள் கையை வைத்து அடைத்துவிட்டு, ‘இப்போ தண்ணி எங்கே போகும்?’ என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். கட்டணம் வீணாகிறதே என்று எழுத்துப் பகுதிக்கு இழுத்துப் போனால்தான் உண்மையில் வீண்.

மற்றவர்களோடு சேராததற்கும் பயம் வேண்டாம். ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று அவரவர் விளையாட்டை விளையாடுவதும் ஒரு நிலைதான். பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே அதை வகைப்படுத்தி எழுதிவிட்டார். பேச்சு, பெயர் சொன்னால் திரும்புவது, வீட்டிலும் பள்ளியிலும் நடந்துகொள்வது இவற்றில் சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அவரிடமும் கேள்விப்பட்டதைச் சொல்லாதீர்கள்.

அழுகைக்கு வருவோம். விளையாட்டில் இல்லாத அப்பா ‘போகலாம்’ என்று சொல்ல மட்டும் உள்ளே வந்தால் எந்தப் பிள்ளைதான் அழாது? ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்பது நான்கு வயதுக்குப் புரியாத கணக்கு. ‘இன்னும் மூணு வாளி நிரப்பு’ என்றால் புரியும். மூன்றாவது வாளி முடிந்ததும் குழாயை அவனே மூடட்டும். கைப்பட்டையை வரவேற்பு மேசையில் கொடுக்கும் பொறுப்பும் அவனுக்கு. அழுதால் நான்காவது வாளி கொடுக்காதீர்கள். அடுத்த வாரம் அழுகை அங்கிருந்துதான் தொடங்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்கவும் வேண்டாம். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, திறந்தவுடன் கூட்டம் சேருமுன் போவதே நல்லது.

சங்கிலி, கயிறு தொங்கும் சட்டை இரண்டுமே வேண்டாம், சறுக்குமரத்தில் மாட்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல்லை மட்டும் நம்பாதீர்கள். வாந்தி பேதி தரும் நோரோ வைரஸிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. சின்னவள் கையில் 3.2 செ.மீ. அகல வளையத்துக்குள் நுழைகிற எதுவும் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

வேறு மையம் தேவையில்லை. இந்தச் சனிக்கிழமை சின்னவள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் பையனை மட்டும் அழைத்துப் போங்கள். அம்மாவும் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கட்டும். தண்ணீர் மேசையில் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், ‘ஆம்’ போடாமல்.