12 உளுந்துக் கலப்புகளில் எந்த 4-ஐ வைத்துக்கொள்வது?

எஃப்1 (இரு ரகங்களைக் கலந்ததில் வரும் முதல் தலைமுறை; அடுத்தவை எஃப்2, எஃப்3) செழிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. அந்தச் செழிப்பு, அதாவது கலப்பு வீரியம், செடி தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும் ஒவ்வொரு தற்கலப்புத் தலைமுறையிலும் பாதியாகக் குறையும். எஃப்1-இல் உண்மையான கலப்புதானா என்று மட்டும் பாருங்கள். மொட்டில் மகரந்தப்பையை எடுக்கப் பிந்தியிருந்தால் தாய்ச்செடியேதான் திரும்ப முளைத்திருக்கும்.

எஃப்2-இல் காய் எண்ணித் தனிச்செடி பொறுக்காதீர்கள். வரப்போரச் செடி இடவசதியாலேயே நிறையக் காய்க்கும். மஞ்சள் தேமல் நோயில் மட்டும் கறாராக இருங்கள்: நோய் வயலெங்கும் பரவ, 8 வரிசைக்கு ஒரு வரிசை கோ 5 போல எளிதில் நோய் தாக்கும் ரகம் விதையுங்கள். தப்பிய செடி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே அளவாக, 10 விதை வீதம், கலப்புவாரியாகச் சேருங்கள். அளவு பார்க்காமல் கொட்டினால் நிறையக் காய்த்த சில செடிகளே மூட்டையை நிரப்பிவிடும்.

எஃப்3-இல் இந்தக் கலவைகளைப் பெற்றோருடன் 2 இடங்களில் விதைத்து, சராசரி விளைச்சலில் வரிசைப்படுத்துங்கள். சமமாக நிற்பவற்றில் செடிக்குச் செடி வேறுபாடு அதிகமுள்ளதை வையுங்கள்.