முதலில் காப்பி, அப்புறம்தான் சோதனை
கம்ப்யூட்டர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொஞ்ச நாளாக என் டெஸ்க்டாப்பில் குடும்பப் போட்டோக்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மற்ற வேலைகள் ஓடுகின்றன. இரண்டு முறை உள்ளேயிருந்து ‘டக்... டக்...’ என்று சத்தம் கேட்டது. பார்த்தவர், “செக்டிஸ்க் (விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதனை நிரல்) ஓட்டிவிட்டு விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும்” என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. இரண்டையுமே இப்போது செய்யாதீர்கள். கம்ப்யூட்டர் முழுக்கவே மெதுவாக இருந்தால் வைரஸ், ராம் பற்றாக்குறை என்று பல காரணம் தேடலாம். குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் மட்டும் திணறுகிறது, கூடவே சத்தமும் வருகிறது என்றால் என் சந்தேகம் நேரே ஹார்டு டிஸ்க் மேல்தான் போகிறது.

டிஸ்க்கின் உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. தகவலைப் படிக்கும் ‘ஹெட்’ அதைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் உடனே கைவிடாது, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். நீங்கள் காத்திருக்கும் நேரமெல்லாம் இந்த முயற்சியில்தான் போகிறது. ‘டக்’ சத்தம் அதைவிட மோசமான அறிகுறி. பெரும்பாலும் ஹெட் தான் இருக்க வேண்டிய இடத்தைப் பிடிக்க முடியாமல் ஓரத்துக்குப் போய்த் திரும்பும்போது வருவது அது.

இந்த நிலையில் செக்டிஸ்க்கை முழுச் சோதனையோடு ஓட்டினால், டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் (தகவல் பதியும் சிறு கட்டம்) அது படித்துப் பார்க்கும். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஓடும். ஏற்கெனவே தளர்ந்துபோன டிஸ்க்கை இப்படி ஓட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை. அதைவிட முக்கியம், செக்டிஸ்க்கின் வேலை கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்துவது, உங்கள் போட்டோக்களைக் காப்பது அல்ல. ஒழுங்குபடுத்தும்போது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவுகளையே அது மாற்றிவிடக்கூடும். விண்டோஸை மறுபடி போடுவதோ, அதே டிஸ்க்கில் புதிதாக எழுதுவது; உங்கள் போட்டோக்கள் இருக்கும் இடத்தின் மேலேயே அது எழுதிவிடக்கூடும்.

கம்ப்யூட்டரை இப்போது அணைத்துவிடுங்கள். தேவையான அளவு இடமுள்ள எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் இயக்குங்கள். ஈடு செய்யவே முடியாதது எதுவோ அது முதலில்: போட்டோக்கள், பிறகு ஆவணங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். மொத்தமாக இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்யுங்கள். ஒரு கோப்பில் சிக்கிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். சத்தம் மறுபடி வந்தால் அணைத்துவிட்டு, தகவல் மீட்பு வேலையை மட்டுமே செய்பவர்களிடம் கொடுங்கள். செலவு அதிகம்தான், ஆனால் அந்தக் கட்டத்தில் வீட்டில் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் அவர்களுடைய வாய்ப்பைக் குறைக்கும்.

இன்னொன்று. ‘டி டிரைவில் ஒரு காப்பி இருக்கிறது’ என்று நிறையப் பேர் எனக்கு எழுதுகிறார்கள். சி, டி இரண்டும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கின் இரண்டு பிரிவுகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

வீட்டில் லினக்ஸ் தெரிந்த பிள்ளைகள் இருந்தால், பெண்ட்ரைவ் வழியாக லினக்ஸை ஏற்றி ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சுலபமாகப் படிக்க வரும் பகுதிகளை அது முதலில் எடுத்துவிடும். சிரமமான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். நடுவில் நின்றாலும், அந்தக் குறிப்புக் கோப்பை வைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எது பழைய டிஸ்க், எது புதியது என்பதை மட்டும் கட்டளை கொடுக்கும் முன் நன்றாகச் சரிபார்க்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பழைய டிஸ்க் அழிந்துவிடும்.

கேள்வி: டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் நிறத்தில் ‘காஷன்’ என்று வருகிறது அண்ணா. சி5 வரிசையில் கடைசியில் 10 என்று இருக்கிறது. 05 வரிசை சுழியம். லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: முதலில் எண்ணைச் சரியாகப் படிக்க வேண்டும் தம்பி. அந்த மென்பொருள் எண்களை வழக்கமாகப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை) காட்டும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 16. ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ் என்று போய்ப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்.

சி5 என்பது, படிக்க முடியாமல் போய் இன்னும் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை. அந்த இடத்தில் அடுத்த முறை எழுதும்போதுதான் டிஸ்க் ஒரு முடிவுக்கு வரும். எழுதுவது சரியாக நடந்தால் எண்ணிக்கை குறையும். நடக்காவிட்டால் கைவசம் இருக்கும் உபரி செக்டர் ஒன்றை அதற்குப் பதிலாகப் போட்டுவிட்டு, இப்படி மாற்றிய செக்டர்களின் எண்ணிக்கையான 05-ஐ ஏற்றும். எழுதும் நேரத்தில் மின்சாரம் போனாலும் சி5 ஏறலாம். எனவே உன்னுடையது சாகப்போகிற டிஸ்க் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டு, ‘குவிக்’ இல்லாத முழு ஃபார்மட் செய். சி5 சுழியமாகி, 05 அசையாமல் இருந்தால் முக்கியமில்லாத வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம். 05 கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனால் யோசிக்காமல் மாற்றிவிடு.

கூகுள் பொறியாளர்கள் தங்கள் நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை காட்டிய டிஸ்க், பிழையே காட்டாததைவிட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று அதில் இருக்கிறது. உன் மஞ்சள் எச்சரிக்கையை நான் அலட்சியம் செய்யாததற்கு அதுதான் காரணம். அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல், வெப்பநிலை தவிர வேறு எந்த ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணித்துக் குறிக்கும் வசதி, சி5, 05 எல்லாம் அதில் அடக்கம்) எச்சரிக்கையும் காட்டாமலே போயின. நீல நிறத்தில் ‘குட்’ என்று பார்ப்பவர்களும் பேக்கப் எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: அதே மென்பொருளில் எனக்கு சி7 வரிசை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதுவும் ஆபத்தா?

பதில்: டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பரிமாற்றப் பிழை அது. முதலில் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். எண் குறையாது, கவலை வேண்டாம். மேலும் ஏறாமல் இருந்தால் போதும்.

கேள்வி: செத்த டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும் என்கிறார்கள். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றினாலும் போதுமாமே?

பதில்: தயவுசெய்து ஃப்ரீசர் பக்கமே போகாதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். அந்தத் தட்டுகள் தாங்காது. போர்டைப் பொறுத்தவரை, இன்றைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்தத் தகவல் போர்டில் உள்ள சிப்பில் பதிவாகியிருக்கும். அதையும் எடுத்து மாற்றாமல் வேறு போர்டைப் பொருத்தினால் பெரும்பாலும் ஓடாது. மூடியைத் திறப்பது எந்த நிலையிலும் கூடாது.

கேள்வி: எஸ்எஸ்டிக்கு (சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) மாறிவிட்டேன். இனி பயமில்லைதானே?

பதில்: சுழலும் தட்டு இல்லாததால் கீழே விழுந்தாலும் எஸ்எஸ்டி அதிகம் தாங்கும். ஆனால் சத்தம் போட்டு எச்சரிக்கவும் அதற்கு வழியில்லை. அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் பழுதானால், நேற்று வரை ஓடியது இன்று பயோஸில் (கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) தெரியவே தெரியாது. அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் ‘டிரிம்’ வசதி இயங்குவதால் அழித்த கோப்பை மீட்பதும் ஹார்டு டிஸ்க்கைவிடக் கடினம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள், எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையாவது அதிலிருந்து நாலைந்து கோப்புகளை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, போட்டோ முழுதாகத் திறக்க வேண்டும்.